வீங்கிய காலுக்கு யார் பதில் சொல்வது?

“இந்தப் பொம்பளைங்க மாத்திரைய ஒழுங்கா போடுறதே இல்ல.”

ரத்த அழுத்தம் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வரும். வீட்டில் மகன் வாயிலிருந்து வரும். பக்கவாதம் வந்து படுத்தவளைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களும் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு இதையேதான் சொல்வார்கள். அலட்சியம், அறியாமை, பிடிவாதம் என்று அதற்கு மூன்று பெயர்களும் தயாராக இருக்கின்றன.

பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் பெண்களில் பலர் காரணத்தோடுதான் நிறுத்துகிறார்கள். அந்தக் காரணம் அவர்கள் உடம்பிலும் அவர்கள் செய்யும் வேலையிலும் இருக்கிறது. அதை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டவர்களின் குற்றத்தைப் பெண்ணின் குணமாக மாற்றிப் பேசும் பழக்கத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்துங்கள் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. கட்டுப்படாத ரத்த அழுத்தம் மூளையில் ரத்தக் குழாயை அடைக்கும், வெடிக்க வைக்கும், இதயத்தைத் தளர்த்தும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாத்திரை உயிரைக் காக்கிறது. அதனால்தான் அதைப் பெண்கள் தொடர்ந்து போட முடியாமல் போவது இவ்வளவு பெரிய விஷயமாகிறது.

நோய் வலிப்பதில்லை, மாத்திரை வலிக்கிறது

திருவேங்கடம் கரிசல் பூமி. சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி. திருவேங்கடத்தில் தீப்பெட்டி ஆபீஸ். மழை பெய்தால் காட்டு வேலை, பெய்யாவிட்டால் நூறு நாள் வேலை. 2019 நவம்பரில் திருநெல்வேலியைப் பிரித்துத் தென்காசி மாவட்டம் ஆக்கியபோது முகவரி மாறியது. பெண்களின் வேலை மாறவில்லை. தீப்பெட்டித் தொழிலில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, பெட்டி அடைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கைதான். எண்ணிக்கைக்குத்தான் கூலி. எழுந்து போன நேரத்துக்குக் காசு கிடையாது.

இப்படி வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதில் பிரஷர் என்று சொல்கிறார்கள். அதுவரை அவளுக்கு ஒரு தொந்தரவும் தெரிந்திருக்காது. உயர் ரத்த அழுத்தத்தின் குணமே அதுதான். பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். மாத்திரை போட ஆரம்பித்த பிறகுதான் உடம்பு பேச ஆரம்பிக்கிறது. சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது. கொலுசு இறுக்குகிறது. எழுந்து நின்றால் கிறுகிறுவென்று வருகிறது. ராத்திரி வறட்டு இருமல் விடமாட்டேன் என்கிறது. அவள் அனுபவத்தில் நோய் எது, மருந்து எது? நோய் என்று சொல்லப்பட்டது வலிக்கவில்லை. மருந்து என்று கொடுக்கப்பட்டது வலிக்கிறது. இந்த நிலையில் மாத்திரையைத் தள்ளி வைப்பவளை அறிவில்லாதவள் என்று எப்படிச் சொல்வது? தனக்குத் தெரிந்த தகவலை வைத்து அவள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். மீதித் தகவலை அவளுக்குத் தராதது யார் என்பதே கேள்வி.

தமிழ்நாட்டில் 2020இல் நடத்தப்பட்ட ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. நூற்றுக்கு ஏழு பேர். மீதித் தொண்ணூற்று மூன்று பேரும் அலட்சியக்காரர்கள் என்றால் நம்ப முடிகிறதா? பலருக்குத் தனக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலருக்கு மருந்து தொடர்ந்து கிடைக்காது. மாத்திரை கையில் இருந்தும் போட முடியாதவர்கள் மூன்றாவது கூட்டம். இந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

மூன்று மாத்திரைகள், மூன்று கதைகள்

அம்லோடிபினிலிருந்து தொடங்கலாம். நம் பக்கத்தில் பிரஷர் என்றாலே முதலில் கைக்கு வரும் மாத்திரை பெரும்பாலும் இதுதான். மலிவானது, நன்றாக வேலை செய்வது. சிறு ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கிறது. ரத்தத்தைக் கொண்டு வரும் குழாய் விரியும் அளவுக்குத் திருப்பி எடுத்துப்போகும் குழாய் விரிவதில்லை. அதனால் நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. நின்றுகொண்டே அல்லது காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே இருந்தால் பொழுது சாயச் சாய வீக்கம் கூடும்.

இந்த மருந்து 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நிறுவனம் அச்சிட்ட மருந்துக் குறிப்பிலேயே ஒரு அட்டவணை இருக்கிறது. வீக்கம் வந்தவர்கள்: ஆண்களில் 5.6 சதவீதம், பெண்களில் 14.6 சதவீதம். முகம் குப்பென்று சூடாகிச் சிவப்பது: ஆண்கள் 1.5, பெண்கள் 4.5. படபடப்பு: ஆண்கள் 1.4, பெண்கள் 3.3. அளவைக் கூட்டினால் வீக்கமும் கூடும் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது: 5 மில்லிகிராமில் 3 சதவீதம் பேருக்கு, 10 மில்லிகிராமில் 10.8 சதவீதம் பேருக்கு.

இன்னொரு முறை படியுங்கள். பெண்களுக்கு இரண்டரை மடங்கு. இது யாரும் மறைத்து வைத்த ரகசியம் கிடையாது. அச்சில் இருக்கிறது. ஆனால் “எனக்குக் கால் வீங்குது டாக்டர்” என்று சொல்லும் பெண்ணுக்குக் கிடைக்கும் பதில் என்ன? “வெயிட்டைக் குறைங்க.” “வயசாகுதுல்ல?” “ரொம்ப நேரம் நின்னா அப்படித்தான்.” முகம் சூடாகிறது, படபடக்கிறது என்றால் “மாதவிடாய் நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்று முடித்துவிடுகிறார்கள். பெண் உடம்பில் எது நடந்தாலும் அதற்குக் காரணம் சொல்ல வயசு, எடை, கர்ப்பப்பை என்ற மூன்று சொற்கள் போதும் என்று ஆகிவிட்டது. மாத்திரை மட்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது.

அடுத்தது எனாலப்ரில். இந்த வகை மாத்திரையின் பெயர்போன தொந்தரவு வறட்டு இருமல். சளி இருக்காது, தொண்டையில் அரிப்பு மாதிரி ஆரம்பிக்கும், நிற்காது. மாத்திரை தொடங்கிச் சில வாரம் கழித்தும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரிவதில்லை. இதுவும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள் இருமினால் தூசி என்பார்கள். காட்டு வேலைக்காரி இருமினால் பனி என்பார்கள். மெடிக்கலில் டானிக் வாங்கிக் குடிப்பாள். இந்த இருமல் டானிக்குக்கு அடங்காது. வீட்டில் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷரைக் குறைக்கும் மாத்திரையால் வந்த இருமலுக்குப் பிரஷரை ஏற்றும் மருந்து. இரண்டு மூன்று பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இருமும்போதெல்லாம் சிறுநீர் கசிகிற கொடுமை வேறு. அதை அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள். எட்டு மணி நேரம் நனைந்த துணியோடு உட்கார்ந்து வேலை பார்ப்பாள். ஒருநாள் மாத்திரையை நிறுத்துவாள். சில வாரத்தில் இருமல் நின்றுவிடும். மாத்திரைதான் காரணம் என்பதைத் தன் உடம்பை வைத்துத் தானே கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்கு நாம் வைத்த பெயர் பிடிவாதக்காரி. அவளுக்கு லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற இன்னொரு வகை மாத்திரைக்கு மாற்றினால் பெரும்பாலும் இருமல் வராது. இவ்வளவுதான் தீர்வு.

மூன்றாவது, நீர் பிரியும் மாத்திரை. ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை. இது உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. முக்கியமாகத் தொடங்கிய நாட்களில் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். காட்டில் வேலை பார்க்கும் ஆண் வரப்பு ஓரம் திரும்பி நின்று முடித்துக்கொள்வான். பெண் என்ன செய்வாள்? நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையில் மறைவு எங்கே? அவளுக்குத் தெரிந்த வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சித்திரை வெயிலில், நீரை வெளியேற்றும் மாத்திரையும் போட்டுக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் மண் சுமக்கிறாள். கிறுகிறுத்து விழுகிறாள். சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வருகிறது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இந்த மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் குறைந்துபோவது வயதான பெண்களுக்கு, அதிலும் மெலிந்தவர்களுக்கு, அதிகம் நேரும். அசதி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் எல்லாம் வரும். வீட்டில் “கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு” என்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் அது.

யாருடைய உடம்பை அளவாக வைத்தார்கள்?

பெண்ணுக்கு ஏன் கூடுதலாகப் படுகிறது? கொஞ்சம் வரலாறு பார்த்தால் புரியும்.

ரத்த அழுத்தத்தை மாத்திரையால் குறைத்தால் உயிர் தப்பும் என்று உலகத்துக்கு நிரூபித்தது அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரெய்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு. 1967இல் வெளியான முதல் பகுதியில் 143 பேர். 1970இல் வெளியான அடுத்த பகுதியில் 380 பேர். அத்தனை பேரும் ஆண்கள். மருத்துவத்தையே மாற்றிய ஆய்வு அது. அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் பிரஷர் மருத்துவத்தின் அஸ்திவாரத்தில் ஒரு பெண் உடம்புகூட இல்லை என்பதும் உண்மை.

1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களை மருந்துகளின் ஆரம்பக்கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் போட்டது. தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த கொடுமைக்குப் பிறகு, கருவைக் காக்க என்று காரணம் சொன்னார்கள். அந்த வழிகாட்டுதலை 1993இல்தான் திரும்பப் பெற்றார்கள். மருந்து எத்தனை மில்லிகிராம் போதும் என்று முடிவாகும் கட்டம் அந்த ஆரம்பக்கட்டம்தான். பதினாறு வருடம் அந்த அறைக்குள் இளம் பெண்ணுக்கு இடமில்லை.

அதன் விளைவைக் கணக்கெடுத்தவர்களும் உண்டு. 86 மருந்துகளை எடுத்துக்கொண்டு 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரே அளவு மருந்து கொடுத்தால் பெரும்பாலான மருந்துகள் பெண்களின் ரத்தத்தில் அதிகச் செறிவில் இருப்பதையும், அதே மருந்துகளின் பக்கவிளைவுகள் பெண்களை அதிகமாகத் தாக்குவதையும் காட்டியது. பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் மெட்டோபிரோலால் பெண் உடம்பில் அதிகம் தங்கும் மருந்துகளில் ஒன்று. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு 2013இல் பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது அதே அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு. அதுவரை இருபது வருடமாகப் பெண்கள் ஆணின் அளவையே விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் வந்த பெரிய பிரஷர் ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தார்கள். மாத்திரை பெண்ணையும் பக்கவாதத்திலிருந்து காக்கிறது என்பதில் இன்று சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதில் பழைய பார்வை அப்படியே இருக்கிறது. பிரஷர் மாத்திரையால் ஆண்களுக்கு விறைப்புத்தன்மை குறைகிறதா என்று எத்தனை ஆய்வுகள்! அதே மாத்திரையைப் போடும் பெண்ணின் ஆசைக்கு என்ன ஆகிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். சங்கரன்கோவில் என்ன, சென்னையிலேயே இந்தக் கேள்வி ஒரு பெண்ணிடம் கேட்கப்படுமா? அவளுக்கு ஆசை என்று ஒன்று இருக்கும் என்பதே கேட்பவருக்குத் தோன்றாது.

மாத்திரைக்கு மேல் மாத்திரை

சொன்னதைக் காதில் வாங்காவிட்டால் அடுத்து நடப்பது இன்னும் மோசம்.

குனிந்தே வேலை பார்த்து இடுப்பு வலி, முட்டி வலி. மெடிக்கலில் போய் “வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே” என்றால் டைக்லோஃபெனாக் வகை மாத்திரை கிடைக்கும். அந்த வகை வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர் மாத்திரையின் வேலையையும் அது கெடுக்கும். செக்கப்பில் பிரஷர் கூடியிருக்கிறது என்று அம்லோடிபினை 10 மில்லிகிராம் ஆக்குவார்கள். கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எழுதுவார்கள். மாத்திரையால் வரும் இந்தக் கணுக்கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாகப் பயன் தராது என்பது மருத்துவர்களுக்குப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் எழுதப்படுகிறது. நம் ஊரில் மட்டும் இல்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இதே சங்கிலி முதியவர்களிடம் நடப்பதை 2020இல் ஓர் ஆய்வு எண்ணிக்கை போட்டுக் காட்டியது. கடைசியில் எனாலப்ரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே வயிற்றுக்குள் போகும்போது சிறுநீரகம் அடிவாங்கும்.

ஆரம்பித்த இடம் எது? இடுப்பு வலி. இடுப்பு வலி எங்கிருந்து வந்தது? முதுகு சாய இடமில்லாத வேலையிலிருந்து. அந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் யாரும் அவளிடம் “வேற என்ன மாத்திரை போடுறீங்கக்கா?” என்று கேட்கவில்லை.

பிரஷரை அளக்கும் விதத்திலும் இதே அவசரம்தான். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, கையை மேசை மேல் வைத்து அளக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். பஸ் இறங்கி வெயிலில் நடந்து, வரிசையில் நின்று, காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வந்தவளை உட்கார்ந்த நொடியில் அளந்தால் வருவது யாருடைய பிரஷர்? அவளுடையதா, அந்த வரிசையுடையதா?

“சொன்னா நிறுத்திருவாங்க”

இதற்கெல்லாம் வரும் பதில்களை நான் அறிவேன்.

முதல் பதில்: “பக்கவிளைவைச் சொன்னா பயந்து நிறுத்திருவாங்க.” சொல்லாமல் இருந்தபோது மட்டும் நிறுத்தாமல் இருந்தார்களா? சொல்லாததால் அவர்கள் ரகசியமாக நிறுத்துகிறார்கள். அட்டையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மாத்திரை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் குவிந்திருக்கும். அட்டினோலால் போன்ற சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. அதையும் சொல்லவில்லை என்றால், பயந்து நிறுத்துவதைவிடப் பெரிய விபத்துக்கு வழி செய்கிறோம்.

இரண்டாவது பதில்: “ஒரு டாக்டர், நூறு நோயாளி, நேரம் எங்கே?” நியாயம்தான். அரசு மருத்துவமனையில் வியர்வை வழிய உட்கார்ந்திருக்கும் மருத்துவர் என் எதிரி இல்லை. ஆனால் நேரமில்லாதபோது யாருடைய பேச்சு முதலில் வெட்டப்படுகிறது என்று கவனியுங்கள். கூட வந்த மகனிடம் விளக்குவார்கள். நோயாளியான அம்மா பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

மூன்றாவது பதில் வேறு திசையிலிருந்து வருகிறது. “இங்கிலீஷ் மருந்தே விஷம், எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க, எங்க சூரணத்துல பக்கவிளைவே கிடையாது.” செல்போனைத் திறந்தால் இந்தக் குரல்தான். பெண்ணின் உண்மையான வேதனையைக் காது கொடுத்துக் கேட்பதுபோல் நடித்துச் சரக்கு விற்கும் குரல் இது. ஆஸ்பத்திரி கேட்காமல் விட்ட இடத்தில் இவர்கள் கடை போட்டிருக்கிறார்கள். முன்னே சொன்ன அதிமதுரத்தை நினைவில் வையுங்கள். பக்கவிளைவு இல்லாத மருந்து என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

நான்காவது, உப்பைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை. நல்ல அறிவுரை. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் இந்த அறிவுரை யார் தட்டில் போய் விழுகிறது? புருஷனுக்குப் பிரஷர் என்றால் வீடு முழுக்க உப்பு குறையும். மனைவிக்குப் பிரஷர் என்றால் குழம்பில் உப்பு குறைந்ததும் தட்டு நகரும். ஆகவே எல்லோருக்கும் ஒரு குழம்பு வைத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சக் கஞ்சிக்கு ஊறுகாயையோ கருவாட்டையோ தொட்டுக்கொண்டு அவள் உட்காருகிறாள். அந்த நாளின் அதிக உப்பு அந்தத் தட்டில்தான் இருக்கிறது. உப்பைக் குறைப்பது சமையல் பிரச்சினையாகத் தெரியும்; யார் நாக்குக்கு யார் சமைக்கிறார்கள் என்ற பிரச்சினை அது.

கேட்கும் ஆள் இருக்கிறாள், கேள்வி இல்லை

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. கூலியை விட்டுவிட்டு, பஸ் காசு செலவழித்து, மாத்திரைக்காக அலைந்த பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் மறுக்கமாட்டேன். கொண்டுவந்து தருபவர்களும் பெண்கள்தான், அதே ஊர்க்காரர்கள். ‘தன்னார்வலர்’ என்ற பெயரில், சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டு தெருத் தெருவாக நடப்பவர்கள்.

திண்ணையில் உட்கார்ந்து “மதினி, கால் வீங்குதா, இருமல் இருக்கா, ஒண்ணுக்குப் போக கஷ்டமா?” என்று கேட்க இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? ஆண் மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதை இவர்களிடம் சொல்வார்கள். ஆனால் எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்ற எண்ணிக்கைதான் மேடையில் வாசிக்கப்படுகிறது. எத்தனை பெண்களுக்குக் கால் வீங்கியது, எத்தனை பேருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தோம் என்று ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை. எண்ணப்படாதது இல்லாததாகவே ஆகிவிடும்.

எண்ணுவதற்கு நாட்டில் ஏற்பாடு இல்லாமலும் இல்லை. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்திலிருந்து நடக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பக்கவிளைவைப் பதிவு செய்யலாம். படிவம் தமிழிலும் இருக்கிறது. இந்த எண்ணை எந்த மருந்துச் சீட்டின் பின்னால் பார்த்திருக்கிறீர்கள்?

மாத்திரை மட்டும் மாறினால் போதாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆள் எண்ணிக்கை குறைந்த பட்டறைகளும், வீட்டிலேயே பெட்டி ஒட்டும் பெண்களும் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் முன்னின்று, கழிப்பறைக்காகப் போராட ஆரம்பித்து, உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றார்கள். அந்தப் பெண்கள் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கணுக்கால் வீக்கத்துக்கும் நீர் மாத்திரைக்கும் வேண்டிய பாதி வைத்தியம் அந்தப் போராட்டத்தில் இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

அரசிடம்: பிரஷர் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வீக்கம், இருமல், கிறுகிறுப்பு, அசதி, சிறுநீர் ஆகிய ஐந்தையும் கேட்டு அட்டையில் எழுத வேண்டும். ஆண், பெண் என்று பிரித்து அந்தக் கணக்கை வெளியிட வேண்டும். மாற்று மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அன்றைக்கே கிடைக்க வேண்டும். கேட்டு எழுதும் பெண்களுக்குப் பயிற்சியும் முறையான சம்பளமும் வேண்டும்.

முதலாளியிடம்: பூட்டில்லாத, தண்ணீர் வரும் கழிப்பறை. முதுகு சாய இருக்கை. எழுந்து போனால் கூலி பிடிக்காத ஐந்து நிமிடம்.

வீட்டிலுள்ள ஆண்களிடம்: உப்பு குறைந்த குழம்பைப் பேசாமல் சாப்பிடுங்கள். சாயங்காலம் அவள் காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்திருக்கும் அரைமணி நேரம் அடுப்பைப் பாருங்கள்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியவையும் உண்டு. மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். மாற்றித் தரச் சொல்லுங்கள். “கால் வீங்குது” என்பதோடு விடாமல், “இந்த மாத்திரை ஆரம்பிச்ச பிறகு வீங்குது, அளவைக் குறைக்கலாமா, வேற மாத்திரை தரலாமா?” என்று கேளுங்கள். வறட்டு இருமல் என்றால் மாத்திரையின் பெயரைக் காட்டிக் கேளுங்கள். நீர் மாத்திரையைக் காலையில் போடலாமா என்று கேளுங்கள். வலி மாத்திரை, நாட்டு மருந்து எது போட்டாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பிள்ளை பெறும் வயதில் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். எனாலப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் கருவுக்குக் கேடு செய்யும். உதடும் முகமும் திடீரென்று வீங்கினால், மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினால் காத்திருக்கவே வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை. இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவின், அத்தையின், ஆச்சியின் மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் படியுங்கள். “இதைப் போட ஆரம்பிச்ச பிறகு உடம்புல என்ன மாறுச்சு?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை நடுவில் வெட்டாமல் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர்களோடு மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளை அவர்கள் கையிலேயே கொடுத்து, அவர்களையே பேச விடுங்கள்.